தேயாத பிரஷ்

ஸ்ரீவில்லிபுத்தூரில் சீனிச்சாமிக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே அவில்தார். முதுகுக்குப் பின்னால் பிரஷ் அவில்தார். இரண்டாவது பெயரும் அவர் காதுக்கு வந்துதான் இருந்தது. கோபப்பட்டதில்லை. ஊரில் ஒருத்தனுக்குப் பட்டப்பெயர் வைத்தால் கஞ்சன், கோள்மூட்டி, குடிகாரன் என்றுதான் வைப்பார்கள். பல்லைச் சுத்தமாக வைத்திருப்பதற்காகப் பெயர் வாங்கியவன் தான் ஒருத்தன்தான் என்று அவருக்குள் ஒரு பெருமை.

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு எண்பத்து மூன்றில் ஊருக்கு வந்தவர். வந்த கையோடு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வாசல் காவலுக்குத் தலைவராக வேலை கிடைத்தது. தினமும் காலையில் பஸ் ஏறிப் போவார், சாயங்காலம் திரும்புவார். பட்டாளத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கம்பளி, கூடவே ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார். ஜபல்பூரில் இருந்தபோது ஒரு சுபேதார் மாதம் ஒருமுறை சிப்பாய்களின் சாமான்களைக் கட்டில்மேல் வரிசையாகப் பரப்பச் சொல்லிப் பார்வையிடுவாராம். முதலில் அவர் கை போவது பல் பிரஷ்ஷுக்கு. பூட்ஸை ஒரே காலையில் பளபளக்க வைத்து ஏமாற்றிவிடலாம், பிரஷ்ஷில் அந்தக் கதை நடக்காது, அது மூன்று மாத ஒழுங்கை அப்படியே சொல்லிவிடும் என்பது அந்த சுபேதாரின் கட்சி. சீனிச்சாமி அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் அவர் தெருவில் பாதி வீடுகளில் சாம்பலும் செங்கல் தூளும்தான். வசதிப்பட்டவர்கள் வீட்டில் பொட்டலப் பல்பொடி. வீட்டில் பிரஷ் இருந்தாலும் ஒரே பிரஷ்ஷை அண்ணன் தம்பி மூன்று பேர் முறை வைத்துத் தேய்ப்பார்கள். சீனிச்சாமி வீட்டில் மட்டும் ஆளுக்கு ஒன்று. அவருக்குப் பச்சை, மனைவி வெள்ளத்தாய்க்குச் சிவப்பு, மகள் நாச்சியாருக்கு மஞ்சள். மூன்று ஓட்டை போட்ட ஒரு பலகையை அடுப்படிச் சுவரில் அடித்து, பிரஷ்கள் தலை நிமிர்ந்து நிற்கிற மாதிரி வைத்திருந்தார். ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது. ஈரத்தோடு மூடி போடக்கூடாது. பேஸ்ட் பட்டாணி அளவுக்கு மேல் போகக்கூடாது. தேய்த்து முடித்ததும் மூன்று உதறு. ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் உப்புப் போட்டு அதில் செத்த நேரம் ஊற வேண்டும். புதுப் பிரஷ் வந்ததும் ஊசியைக் காய்ச்சிக் கைப்பிடியில் மாதத்தையும் வருஷத்தையும் பொறிப்பார். மூன்று மாதம் முடிந்தால் அதற்கு ஓய்வு. பிறகு அது சைக்கிள் செயினுக்கோ குத்துவிளக்குக்கோ போய்ச் சேரும்.

வாங்குகிறபோது பார்க்க வேண்டும் அவரை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சங்கரலிங்கத்தின் கடையில் நின்று டப்பாவோடு இறக்கச் சொல்லுவார். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் அழுத்துவார், புறங்கையில் தேய்ப்பார், கழுத்தை வளைத்துப் பார்ப்பார். முரட்டு நார் ஈறைக் கிழிக்கும், ரொம்ப மெத்தென்று இருந்தால் ஊத்தை போகாது. பதினைந்தைத் தள்ளி மூன்றை எடுப்பார்.

"பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட இம்புட்டு பாத்திருக்க மாட்டிய, அவில்தார்," என்று சங்கரலிங்கம் ஒருநாள் கேலி செய்தார்.

"பொண்ணப் பாத்தது எங்கம்மா. பிரஷ்ஷப் பாக்கது நானுல்லா," என்றார் சீனிச்சாமி. கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு கிட் இன்ஸ்பெக்சன். முற்றத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, தாயும் மகளும் தங்கள் பிரஷ்ஷை அதில் கிடத்திவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். அவர் குனிந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஜோசியம் சொல்லுவார். "நாச்சியா, நீ வலது பக்கம் போட்டு அழுத்துத. இடது பக்கத்த ஏமாத்துத." அது சரியாகவும் இருக்கும். பிரஷ்ஷின் நார் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து ஆள் அவசரக்காரனா, சோம்பேறியா, கோபக்காரனா என்று சொல்லிவிடுவேன் என்பார். மில்லில் இரண்டு மூன்று பேர் பந்தயம் கட்டித் தங்கள் பிரஷ்ஷைக் கொண்டுவந்து காட்டித் தோற்றும் இருக்கிறார்கள்.

வெள்ளத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வத்திராயிருப்புப் பக்கத்துக்காரி. நெல்லும் தென்னையுமாக இருந்த வீட்டில் பிறந்து, பன்னிரண்டு வயதிலேயே வயல்காட்டுப் பெண்களோடு சேர்ந்து பல்லில் பொடி போடப் பழகியவள். மூக்கில் உறிஞ்சுகிற அதே பொடிதான். வாழைமட்டையில் மடித்துக் கடையில் கொடுப்பார்கள். ஆள்காட்டி விரலில் தொட்டு ஈறில் இழுத்து, மிச்சத்தைக் கீழ்த்தாடை ஓரம் ஒதுக்கிக்கொண்டால் மத்தியானம்வரை பசி தெரியாது, வேலையும் ஓடும். அந்தப் பக்கத்தில் அதைக் கெட்ட பழக்கம் என்று யாரும் நினைப்பதில்லை. புருஷன் பட்டாளத்தில் இருந்த வருஷங்களில் அவளுக்குப் பேச்சுத்துணைக்குப் பேச்சுத்துணையாக இருந்தது அந்தப் பொடிதான்.

ஊருக்கு வந்த மறுவருஷம் சீனிச்சாமி அவள் இடுப்புச் செருகலில் இருந்த பொடிமட்டையைப் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. அவர் அடிக்கிற ஆள் இல்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பின்னால் நினைக்கும்படி ஒன்றைச் செய்தார். ஆடிப்பூரத்தன்று கோயில் வாசலில் வைத்து, எட்டு வயது நாச்சியாரின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். இனித் தொட மாட்டேன் என்று வெள்ளத்தாய் சொன்னாள். குழந்தை நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தது. சீனிச்சாமியோ ஒரு பெரிய எதிரியை விரட்டிவிட்ட திருப்தியில் தேர்க்கடையில் இரண்டு பேருக்கும் வளையல் வாங்கிக் கொடுத்தார்.

அவள் ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். எட்டாவது மாதம் தெருமுனைப் பெட்டிக்கடைக் குருவம்மாளிடம் போய் நின்றுவிட்டாள். குருவம்மாள் காசு வாங்கினாளே தவிர வாய் திறக்கவில்லை. பெண்களுக்குள் இருக்கிற அந்த ரகசியம் முழுப் பூசணிக்காயை மறைத்த சோறு மாதிரி வருஷக்கணக்கில் அப்படியே இருந்தது. காலையில் புருஷன் கண்முன்னால் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பாள், அவர் பஸ்ஸுக்குப் போனதும் கொல்லைப்புறம் போய்ப் பொடி போட்டுக்கொள்வாள்.

தொண்ணூற்றொன்று கடைசியில், பொடி ஒதுக்குகிற அந்தக் கீழ்த்தாடை ஓரத்தில், வெள்ளையாக ஒரு தடிப்பு வந்தது. வலிக்கவில்லை. நாக்கால் தடவிப் பார்த்தாள். பாலாடை ஒட்டின மாதிரி இருந்தது. தை மாதத்தில் அது பயறு அளவுக்குப் புண்ணாகி, பிரஷ் பட்டால் ரத்தம் வந்தது. அன்றிலிருந்து அவள் வாய்க்குள் பிரஷ் போகவில்லை. புருஷன் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தண்ணீரில் நனைத்து, மூன்று தடவை உதறி, பலகையில் நிமிர்த்தி வைத்துவிடுவாள். வலிக்கிற இடத்தில் பொடியை இழுத்தால் மரத்துப்போயிற்று. அதனால் பொடி கூடியது. பொடி கூடக் கூடப் புண்ணும் கூடியது. சாவு ஒரு வீட்டுக்குள் வருவதற்கு வாசலில்தான் வந்து நிற்க வேண்டும் என்று இல்லை. நூல் மில்லுக்கே காவல் தலைவராக இருந்த மனுஷனின் வீட்டுக்குள் அது விரல் நுனியளவு இடத்தில் குடிவந்துவிட்டது.

ஏப்ரல் முதல் ஞாயிறு இன்ஸ்பெக்சனில் சீனிச்சாமி சிவப்புப் பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தார். ஜனவரியில் பொறித்த பிரஷ். நார் ஒன்றுகூடச் சாயவில்லை. கடையில் எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படி. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"நாச்சியா, இங்க பாரு. இது பேரு பல்லு தேய்க்கது. ஒங்கம்மா கையி எம்புட்டு பதம் பாத்தியா? அழுத்தாம, கிழிக்காம, பூவுக்குத் தண்ணி தெளிக்க மாதிரி. எனக்கே இப்படி வராது."

வெள்ளத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார். "இத மாத்தவேண்டாம், இப்படியே ஓடட்டும். எம்புட்டு நாளைக்கு வருதுன்னு பாப்போம்," என்றார்.

அப்படியே ஓடியது. ஜூலை வந்தது, அக்டோபர் வந்தது. பச்சையும் மஞ்சளும் மாறின, சிவப்பு மாறவில்லை. மில்லில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், சங்கரலிங்கத்திடம் சொன்னார். நார் தேயாத பிரஷ் என்றால் வாய்க்குள் போகாத பிரஷ் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. ஊர் பிரஷ்ஷை எல்லாம் படித்தவருக்குத் தன் வீட்டுப் பிரஷ்ஷைப் படிக்க வரவில்லை என்றால், அதைப் பாவம் என்று சொல்வதா, திமிர் என்று சொல்வதா?

வீட்டில் வேறு சில மாற்றங்களும் நடந்தன. குழம்பில் காரம் குறைந்தது. அவருக்கு அல்சர் வந்துவிடக் கூடாது என்று அவள் பார்த்துச் செய்வதாக எடுத்துக்கொண்டார். அவள் தட்டில் சோறு கஞ்சியாகிக்கொண்டே வந்தது. விரதம் என்றாள், சரி என்றார். பேச்சு குறைந்தது. வயது ஏறினால் பெண்களுக்கு நிதானம் வரும் என்று மில்லில் ஒரு நண்பரிடம் பெருமையாகச் சொன்னார். அவள் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது என்பதைக் கவனிக்கவே இல்லை.

நாச்சியார்தான் ஒருநாள் பள்ளிக்கூடம் கிளம்புகிறபோது சொன்னாள். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு.

"அப்பா, அம்மாவுக்கு வாயில புண்ணு இருக்கும்போல. நேத்து சோத்துல வெறும் மோரு ஊத்திச் சாப்பிடும்போதே கண்ணுல தண்ணி வந்துச்சு."

"சூட்டுப் புண்ணு. மணத்தக்காளிக் கீரய அவிச்சுக் குடு. பல்ல ரெண்டு நேரம் தேய்க்கச் சொல்லு, உப்புத்தண்ணி கொப்புளிக்கச் சொல்லு, பட்டுன்னு போயிரும்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

கார்த்திகை மாதத்தில் வீட்டுக்குள் ஒரு நாற்றம் வந்தது. முதலில் லேசாக, பிறகு ராத்திரி பகல் இல்லாமல். எலி செத்துக் கிடக்கிறது என்று பரணை எல்லாம் இறக்கிப் பார்த்தார். பிறகு கொல்லைப்புறச் சாக்கடைதான் என்று முடிவுகட்டி நகராட்சிக்கு இரண்டு மனு எழுதிப் போட்டார். ஆண்டிச்சாமி என்ற துப்புரவுத் தொழிலாளி வந்து, குச்சியை விட்டுக் கிளறி, தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சாக்கட சுத்தமாத்தான் கெடக்கு, அவில்தாரய்யா. நாத்தம் இங்கனக்குள்ள இல்ல. வீட்டுக்குள்ள இருந்துல்லா வருது."

அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வெள்ளத்தாயின் கை அப்படியே நின்றது. சீனிச்சாமி ஊதுவத்திக் கட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லிவிட்டு அந்த விஷயத்தை முடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் காலையும் மாலையும் நான்கு ஊதுவத்தி எரிந்தது. தெருவில் போனவர்கள் அவில்தார் வீட்டில் பக்தி முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

தொண்ணூற்று மூன்று பிப்ரவரியில் மில்லில் பல் பரிசோதனை முகாம் வைத்தார்கள். மதுரையிலிருந்து ஒரு இளம் பெண் டாக்டர் வந்திருந்தார். முகாம் தொடங்குமுன் தொழிலாளர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்கு உங்களை விட்டால் ஆள் ஏது என்று மேலாளர் சீனிச்சாமியைக் கேட்டுக்கொண்டார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று காலை குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, பலகையிலிருந்து சிவப்புப் பிரஷ்ஷை உருவிப் பாலிதீன் பைக்குள் வைத்தார்.

வெள்ளத்தாய் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத எங்க கொண்டு போறிய?" பேச்சு தெளிவாக இல்லை. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

"ஒனக்குப் பேரு வாங்கிக் குடுக்கத்தான். வந்து சொல்லுதேன்."

"வேண்டாம். வச்சிருங்க."

"சும்மா கெடட்டி," என்று சிரித்துக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

கேன்டீன் கொட்டகையில் அறுபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். சீனிச்சாமி எடுப்பது, வைப்பது, தேய்ப்பது, மாற்றுவது என்று நன்றாகத்தான் பேசினார். கடைசியில் பையிலிருந்து அந்தப் பிரஷ்ஷை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இது எங்க வீட்டு அம்மாவோடது. பதிமூணு மாசம் ஆச்சு. ஒரு நாரு சாயல. பல்லு தேய்க்கதுன்னா இப்படித் தேய்க்கணும்." கைதட்டல் எழுந்தது. டாக்டர் கை நீட்டி அதை வாங்கினார். கைப்பிடியில் இருந்த தேதியைப் பார்த்தார். நாரைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இது வாய்க்குள்ளேயே போகலைங்களே," என்றார். சொன்னது மைக்கில் விழுந்துவிட்டது. கொட்டகையே கொல்லென்று சிரித்தது. பிரஷ் அவில்தார் வீட்டிலேயே பல் தேய்ப்பதில்லை என்றால் அந்தச் சிரிப்பு ஓயுமா? சீனிச்சாமியின் காதெல்லாம் பற்றி எரிந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவரைத் தனியாக ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அவங்க பொடி, புகையிலை ஏதாவது போடுவாங்களா?"

"எட்டு வருசமாக் கெடையாது. சத்தியம் பண்ணியிருக்கா."

"முன்னாடி போட்டிருக்காங்க. சரி, சாப்பாடு எப்படிச் சாப்பிடறாங்க? காரம் சேர்க்கறாங்களா? வாயை முழுசாத் திறக்க முடியுதா?"

அவர் கையிலிருந்த காலிப் பாலிதீன் பையை நாலாக மடிக்க ஆரம்பித்தார்.

"வாயில ஏதும் வாடை வருதா?"

சீனிச்சாமி பையை மடிப்பதை நிறுத்தினார். டாக்டர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீங்க கடைசியா அவங்க வாய்க்குள்ள எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டார். அவர் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் ஒரு நாள்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. கல்யாணமாகி இருபது வருஷம்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். அறுபது பேருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே, ஒரு வருஷமாக என்னைக் கோமாளியாக்கி இருக்கிறாளே என்று பொருமினார். பஸ் ஊரைத் தாண்டிப் புளியமரச் சாலைக்கு வந்ததும் கஞ்சியாகிவிட்ட சோறு ஞாபகம் வந்தது. முந்தானையால் மூடிய வாய் ஞாபகம் வந்தது. ஆண்டிச்சாமி சாக்கடையிலிருந்து நிமிர்ந்து சொன்னதும் ஞாபகம் வந்தது. கோபமாகவே இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டார். கோபம் நிற்கவில்லை. கோபுரம் கண்ணில் படுமுன்பே அது போய்விட்டது, பயம் மட்டும் இறங்கும் இடம்வரை கூட வந்தது.

வெள்ளத்தாய் அடுப்படியில் முட்டுக்கால் கட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் அந்த நேரத்தில் வருவார் என்று எதிர்பார்த்தவள் மாதிரியே இருந்தாள்.

"ஏட்டி, வாயத் தொற."

அவள் முந்தானையை எடுத்து மூடினாள்.

"தொறங்கேன்ல!"

அவள் தலையை ஆட்டினாள். அவர் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து இறக்கினார். பெட்டியிலிருந்து பட்டாளத்து டார்ச் லைட்டை எடுத்துவந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் அந்த வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் அவர் வெளிச்சத்தை விட்டார். கீழ்த்தாடையின் இடப்பக்கம் பல் வரிசையே தெரியாமல், கொட்டைப்பாக்கு அளவில் சிவப்பும் வெள்ளையுமாகச் சதை விரிந்து நாக்கின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக ஊதுவத்தி கொளுத்தி விரட்டிய நாற்றம் அவர் முகத்தில் வந்து அடித்தது. டார்ச் கையிலிருந்து விழுந்து உருண்டது.

"ஐயோ, வெள்ளத்தா," என்றார்.

அவள்தான் பேசினாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "கோயில் வாசல்ல புள்ள தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னிய. என்னால முடியல, மீறிட்டேன். பொறவு வாயில இது வந்துச்சு. சத்தியம் பண்ணது புள்ள தலையில, வந்தது எனக்குத்தான்னு மனச ஆத்திக்கிட்டேன். வெளிய சொன்னா அவ மேல போயிருமோன்னு பயம். அவ பள்ளிக்கூடத்துல இருந்து சொகமா வந்து நிக்காளான்னுதான் தெனமும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்துப் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் பட்டாணி அளவு வெட்டி எடுத்து, தையல் போட்டு, வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம், இப்போது தாடை எலும்பில் ஒரு பக்கத்தையும் நாக்கில் பாதிக்கு மேலேயும் எடுக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னார். உயிர் தங்குமா என்று கேட்டதற்கு, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். சீனிச்சாமி அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி கையை ஒட்டிவைத்துக்கொண்டு நின்று அதைக் கேட்டார். அப்படி நிற்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம், நாச்சியார் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். வார்டில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. சீனிச்சாமி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கேட்கக் கூடாது என்று இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"பொடி போட்டதச் சொல்ல வேண்டாம். சத்தியத்தச் சொல்ல வேண்டாம். வலிக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்லா? நான் என்ன, கல்லாட்டி?"

வெள்ளத்தாய் அவரைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை. அதனால்தான் அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

"ஒரு நாளாவது வாயத் தொறன்னு சொன்னியளா? மாசாமாசம் பிரஷ்ஷத்தான காட்டச் சொன்னிய. காட்டுனேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாச்சியார் கஞ்சித் தூக்கோடு வந்துவிட்டாள். பிறகு நர்ஸ் வந்தாள், ரத்தம் எடுக்க வந்தார்கள், கையெழுத்து வாங்க வந்தார்கள். காலையில் ஏழு மணிக்கு அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் காது புரிந்துகொள்ளும்படி வெள்ளத்தாய் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

உயிர் தங்கியது. ஆறு வருஷம் இருந்தாள். தாடை ஒரு பக்கம் உள்ளே வாங்கி, முகம் வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. மிச்சமிருந்த நாக்கில் அவள் சொன்னது எதுவும் வார்த்தையாக வரவில்லை, மூச்சும் கரகரப்புமாகத்தான் வந்தது. ஆனால் நாச்சியாருக்கு எல்லாம் புரிந்தது. உப்பு போதாது என்றாலும் புரியும், பால்காரருக்குக் காசு கொடுத்தாயிற்றா என்றாலும் புரியும். தாயும் மகளும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். சீனிச்சாமி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். காலையும் மாலையும் உப்புத்தண்ணீரில் பஞ்சை நனைத்து அவள் வாயை அவரேதான் துடைப்பார். சதையில் படாமல், அவசரப்படாமல், ஒரு நாள் விடாமல் செய்தார். அவள் பேசுவது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. காதைக் கொண்டுபோய் அவள் வாயருகே வைத்துப் பார்த்தார், உதட்டைப் பார்த்துப் படிக்கப் பார்த்தார், முடியவில்லை. எதற்கும் மகளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

ஒரு சாயங்காலம் அவர் வாயைத் துடைத்து முடித்துப் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டபோது, வெள்ளத்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். வழக்கமாக அவள் அவரிடம் அவ்வளவு சொல்வதில்லை.

"என்னட்டி? இன்னொருக்கச் சொல்லு."

அவள் திரும்பவும் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. அவர் காதைச் சாய்த்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக் கேட்டார். ஒரு சொல்லும் அகப்படவில்லை.

"நாச்சியா, இங்க வா. ஒங்கம்மா என்ன சொல்லுதா?"

நாச்சியார் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளத்தாய் மூன்றாவது தடவையும் சொன்னாள். மகள் முழுக்கக் கேட்டாள். அப்பாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. தண்ணி கேக்கா."

கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. சீனிச்சாமி அதைப் பார்த்தார். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய் இன்னொரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார்.